பதினைந்து வருடக் கேசரி

விமலாதேவி யாரையாவது மன்னித்ததாக மெல்போர்ன் புறநகர் டண்டினொங்கில் தகவல் இல்லை. 2013-இல் ஒரு மரக்கறிக் கடைக்காரர் அவருடைய வெண்டிக்காய்ப் பையில் மூன்று முற்றல்களைச் சேர்த்துவிட்டார். அந்தக் கடை இருந்த பக்கத்து நடைபாதையில் விமலாதேவி இன்றுவரை கால் வைப்பதில்லை. மழை கொட்டினாலும் எதிர்ப்பக்கத்தால்தான் போவார். கடைக்காரர் கடையை விற்றுவிட்டுப் பேர்த்துக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. இப்போது அங்கே கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அது விமலாதேவிக்கு ஒரு பொருட்டில்லை. கட்டடத்துக்கும் பொறுப்பு இருக்கிறது.

வயது அறுபத்தொன்று. டண்டினொங் தெற்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் ஓரத்தில் நின்று, மூலை உடைந்த பிஸ்கட்டைக் கண்டுபிடித்துத் தூக்கி எறிய வேண்டும். பதினாறு வருடமாக அதைச் செய்கிறார். பெல்ட்டை விட்டு வெளியே வந்தாலும் கண் அதே கண்தான். கணவர் யோகராசா, ஊருக்கு யோகா, பஸ் ஓட்டுநர். எந்த நிறுத்தத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்துகிற மனிதர். வீட்டில் அவருக்கு நிறுத்தம் மட்டும்தான் உண்டு, ஸ்டியரிங் கிடையாது.

மெல்போர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள்: நீ எந்த டீம்? முட்டை வடிவப் பந்தை உதைத்தும் குத்தியும் ஆளுக்கு ஆள் தோளில் ஏறிப் பிடித்தும் ஆடுகிற ஃபூட்டியைத்தான் சொல்கிறார்கள். இதற்குப் பதில் இல்லாதவர் இங்கே நாடற்றவர். விமலாதேவிக்குப் பதில் ஒரு பழைய உடுப்புக் கடையில் கிடைத்தது. வந்து இறங்கிய 2009 குளிர்காலத்தில் கழுத்துக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு வாங்கிச் சுற்றிக்கொண்டு ரயிலில் ஏறினார். ஒரு மாதமாக யாருமே முகம் பார்க்காத ரயிலில் அன்று நான்கு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு தாடிக்காரர் கை கொடுத்து ஆறுதல் சொன்னார். எதற்கு ஆறுதல் என்று தொழிற்சாலைக்குப் போய்த்தான் தெரிந்தது. அது செயின்ட் கில்டா அணியின் துண்டு. அந்த அணி தன் சரித்திரத்திலேயே ஒரு தடவைதான் கோப்பை வென்றது, 1966-இல், அதுவும் ஒரே ஒரு புள்ளியில்.

இன்னொருவராக இருந்தால் துண்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். விமலாதேவி எடுத்ததை வைக்கிறவர் இல்லை.

அடுத்த வருடம் செயின்ட் கில்டா இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே கொலிங்வுட். தமிழ் மன்றத்து ஆட்கள் பார்ப்பதற்காகச் சேஷாத்ரி தன் க்ளென் வேவர்லி வீட்டைத் திறந்துவிட்டார்.

சேஷாத்ரி திருச்சிக்காரர். நீர்க்குழாய்ப் பொறியாளர், இப்போது ஓய்வு. கொலிங்வுட் ரசிகர். மன்றத்தின் பட்டிமன்றங்களுக்கு நிரந்தர நடுவர். குரல் கணீரென்று இருக்கும். உண்மை அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். மேடையில் ஏறினால் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது: "தொண்ணூறுல கொலிங்வுட் ஜெயிச்சதை ஒரே ஒரு வருஷத்துல தவறவிட்டேன். ஆனா தொண்ணூத்தொண்ணுல நான் வந்து இறங்கின கையோட எம்சிஜி மைதானத்துல கிராண்ட் ஃபைனலை நேர்ல பார்த்த முதல் தமிழன்!" கூட்டம் கைதட்டும். இரண்டாவது தமிழன் யார் என்று எவரும் கேட்டதில்லை.

அந்த 2010 செப்டெம்பர் சனிக்கிழமை மத்தியானம் விமலாதேவி ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய ரவைக் கேசரி செய்து கொண்டுபோனார். முந்திரிகைப் பருப்பு, நெய், மேலே அன்னாசித் துண்டுகள். மூடித் துணி கட்டி, சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பாதி ஆட்டத்தில் செயின்ட் கில்டா இருபத்துநான்கு புள்ளி பின்னால். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடைசி நிமிடங்களில் ஒரு பந்து கொலிங்வுட்டின் கோல் கம்பங்களை நோக்கித் தரையில் குதித்துக் குதித்துப் போனது. செயின்ட் கில்டாக்காரர் கையில் எடுக்கப் போகிற நேரம், முட்டைப் பந்துக்கு என்ன தோன்றியதோ, கோணலாகத் துள்ளி விலகியது. ஆறு புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அறுபத்தெட்டுக்கு அறுபத்தெட்டு. சைரன் ஊதியது.

திரையில் இரண்டு அணிக்காரர்களும் புல்லில் விழுந்து கிடந்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விமலாதேவிக்கு மட்டும் தெரிந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் அவர். இறுதியாட்டம் சமமாக முடிந்தால் கோப்பையை ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பார்கள் என்பது அவருக்குப் பிறப்பிலிருந்தே தெரிந்த விஷயம். தோற்றவர் இல்லாத ஆட்டம். எவ்வளவு நாகரிகமான நாடு! எழுந்தார். துணியை அவிழ்த்தார்.

"ரெண்டு பகுதியும் வெண்டுட்டினம். இனிப்பு எடுங்கோ, எடுங்கோ."

சேஷாத்ரி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, கோப்பையை வெட்டியா பிரிப்பாங்க? அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆடணும்! மறுபடியும்!" அவரோடு சேர்த்து அந்த அறையில் பதினொரு பேர் சிரித்தார்கள். யோகா மட்டும் இருமினார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

அடுத்த சனிக்கிழமை மறுஆட்டத்தில் செயின்ட் கில்டா ஐம்பத்தாறு புள்ளியில் அடித்து நொறுக்கப்பட்டது. ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் விமலாதேவியின் தொலைபேசி அடித்தது.

"சேஷாத்ரி பேசறேன். ஒண்ணுமில்ல. கேசரி மிச்சம் இருக்கா?"

கேலி அந்தக் கேள்வியோடு தொடங்கியது. விக்டோரியா மாநிலத்தில் கிராண்ட் ஃபைனலுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையை அரசு விடுமுறையாக்கிய பிறகு, தமிழ் மன்றம் அன்று காலையில் பட்டிமன்றம் வைக்கத் தொடங்கியது. நடுவர் சேஷாத்ரி. முன்னுரை கேசரிக் கதை. முதல் வருடம் கேசரி மட்டும்தான் இருந்தது. மூன்றாம் வருடம் அதில் ஒரு தேங்காய் சேர்ந்தது; விமலாதேவி டிவிக்கு முன்னால் உடைத்தாராம். ஐந்தாம் வருடம் கற்பூரம். ஏழாம் வருடம் அவர் ஆட்டத்து நடுவருக்கு விபூதி பூச ரயிலேறப் போனாராம். ஒவ்வொரு வருடமும் கூட்டம் புதிதாகச் சிரித்தது.

இதையெல்லாம்கூட விமலாதேவி ஒரு மூலையில் வைத்திருப்பார். ஆனால் 2022-இல் மகளின் கல்யாண வரவேற்பில் வாழ்த்திப் பேச வந்த சேஷாத்ரி, மாப்பிள்ளை வீட்டார் முந்நூறு பேருக்கு முன்னால் அந்தக் கதையை எடுத்தார். தேங்காய், கற்பூரம், விபூதி எல்லாம் சேர்த்து. மணவறையில் இருந்த மகள் தலையைக் குனிந்தாள். மாப்பிள்ளையின் அப்பா அன்று சிரித்த சிரிப்பில் ஒரு பல்லின் மூடி கழன்று விழுந்தது. இன்றுவரை அவர் விமலாதேவியைக் 'கேசரிச் சம்பந்தி' என்றுதான் கூப்பிடுகிறார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளிலும் அப்படித்தான்.

அன்று வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையை மடிக்கும்போது விமலாதேவி சொன்னார்: "அந்தக் கதையை அந்த மனுசன் அதே மைக்கில, தன்ர வாயாலேயே விழுங்க வேணும். அதுவரைக்கும் நான் சாகமாட்டன்."

"ஓம்," என்றார் யோகா. வேறு என்ன சொல்ல முடியும்?

விமலாதேவி படிக்கத் தொடங்கினார். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு கிராண்ட் ஃபைனல். எந்த மைதானம், எத்தனை பேர், பாதியில் யார் முன்னால், கடைசியில் யார் அழுதார்கள். எழுதிய தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் போயின. முன்பக்கத்தில் ராகுகாலம், பின்பக்கத்தில் கார்ல்டன். சாப்பாட்டு இடைவேளையில் தொழிற்சாலைக்காரர்கள், 2005-இல் சிட்னி வென்ற நான்கு புள்ளியா, 1989-இல் ஹாத்தோர்ன் வென்ற ஆறு புள்ளியா பெரிது என்று அடித்துக்கொள்ளும்போது, ஓரத்தில் புட்டைக் குழைத்துக்கொண்டே விமலாதேவி சரியான எண்ணைச் சொல்வார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அலியார் வாயைப் பிளப்பார். அவர் முன்பு சிட்னியில் இருந்தவர்; 2010-இல் சேஷாத்ரி வீட்டில் சிரித்தவர்களில் ஒருவர். 2005-ஐத் தவிர வேறு ஆட்டம் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய கட்சி.

ஒருநாள் 1991-க்குரிய தாளை எழுதும்போது பேனா நின்றது.

அந்த வருட இறுதியாட்டம் எம்சிஜியில் நடக்கவே இல்லை. அங்கே தெற்குப் பக்கத்துச் சதர்ன் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடந்தது வேவர்லி பார்க் மைதானத்தில். டண்டினொங்கிலிருந்து காரில் கால்மணி நேரமும் ஆகாது. யோகாவின் பஸ் அந்தப் பக்கம்தான் போகும். இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. அந்த மைதானத்தில் நடந்த ஒரே கிராண்ட் ஃபைனல் அது.

வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே பத்துப் பேருக்குத் தொலைபேசி எடுத்திருப்பார்கள். விமலாதேவி தாளை மடித்து டின்னுக்குள் வைத்தார். இப்போது சொன்னால் அந்த மனுசன் என்ன செய்வார்? 'ஞாபகப் பிசகும்மா, வேவர்லிதான்' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நழுவுகிற கையை மேசையில் ஆணியடித்து வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு தேவை. ஒன்று மைக். மற்றது இன்னொரு ஆணி.

மைக்கை இந்த வருடம் சேஷாத்ரியே கொடுத்தார். மன்றத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் யாமினி, மதுரைப் பெண், மருத்துவமனைத் தாதி. அவள் பேச்சாளர் பட்டியல் பற்றிக் கேட்க விமலாதேவி வீட்டுக்கு வந்திருந்தபோது சேஷாத்ரியின் அழைப்பு வந்தது. கையில் தேநீர்க் கோப்பை இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"தலைப்பு முடிவாயிடுச்சும்மா. தலைசிறந்த கிராண்ட் ஃபைனல் 1970-ஆ, 2010-ஆ? எழுபதுக்குக் கிருஷ்ணசாமி பேசட்டும். பத்துக்கு நம்ம கேசரி மேடத்தைப் போடு. பேச்சு வராட்டிப் பரவாயில்ல. காமெடிக்கு ஆச்சு."

யாமினி பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்தாள். முகம் வெளிறிவிட்டது. "ஆன்ட்டி... அவர் சும்மா..."

"பிள்ளை," என்றார் விமலாதேவி, "நான் பேசுறன் எண்டு சொல்லு. தேத்தண்ணி ஆறுது, குடி."

இரண்டாவது ஆணி ஓகஸ்டில் ஒரு அரங்கேற்றச் சாப்பாட்டு வரிசையில் தானாக வந்து சேர்ந்தது. விமலாதேவிக்கு முன்னால் நின்றவர் சேஷாத்ரியின் மனைவி பத்மா. கணவர் பேசுகிற மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து முப்பது வருடமாகக் கைதட்டி, இப்போது தோள்மூட்டு வலிக்கு மருத்துவரிடம் போகிறவர். சாம்பார் வாளிக்காகக் காத்திருந்தபோது பத்மா பெருமூச்சு விட்டார்.

"சிட்னில இருந்தப்ப இந்தக் குளிரே கிடையாது விமலா. கிரவீன்ல எங்க வீட்டுப் பின்னாடி துணி போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்."

"சிட்னியிலயோ? நீங்கள் நேரா மெல்போர்னுக்கு வந்தனீங்கள் எண்டெல்லோ அண்ணை சொல்லுறவர்?"

"அவரா?" பத்மா தட்டைக் கொஞ்சம் நீட்டினார். "நாங்க வந்தது தொண்ணூத்தொண்ணு. கிரவீன்லதான் மூணு வருஷம். மெல்போர்னுக்கு வந்தது தொண்ணூத்திநாலு."

விமலாதேவி சாம்பார் வாங்க மறந்துவிட்டார். பத்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை தேவைக்கு அதிகமாக ஒரு கணம் நின்றது.

"இந்த வருஷம் நீதானே கடைசியா பேசறே? நல்லா பேசு," என்று சொல்லிவிட்டுப் பத்மா அப்பளம் எடுக்கப் போனார்.

பட்டிமன்றத்தன்று விடியற்காலையே குசினியில் நெய் மணந்தது. யோகா எழுந்து வந்து பார்த்தார். அடுப்பில் பெரிய சட்டி. மேசையில் அந்தப் பழைய அலுமினியத் தட்டு, ஒரு மூலை நெளிந்தது. 2010-க்குப் பிறகு அது அலுமாரியை விட்டு இறங்கியதே இல்லை.

"உவ்வளவும் ஆருக்கு?"

"வெண்டவைக்கு."

"ஆர் வெல்லப்போகினம் எண்டு இப்பவே தெரியுமோ?"

"ரெண்டு பகுதியும்," என்றார் விமலாதேவி, கரண்டியை நிறுத்தாமல்.

யோகா வந்த வழியே திரும்பினார். போய்ப் பஸ் உடுப்பையே போட்டுக்கொண்டார். விடுமுறை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மண்டபத்தில் இருநூறு பேர். அலியார் சிட்னி அணியின் சிவப்பு வெள்ளைத் துண்டோடு கடைசி வரிசையில். பத்மா முன்வரிசையில். சேஷாத்ரி கொலிங்வுட்டின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட டையோடு நடுவில் அமர்ந்து, மைக்கைத் தட்டி, வணக்கம் சொல்லி, நேராகக் கேசரிக்கு வந்தார். இந்த வருடக் கதையில் செயின்ட் கில்டா வீரர்களுக்குத் தபாலில் கேசரி அனுப்பப்பட்டதாம். அதைச் சாப்பிட்டுத்தான் மறுஆட்டத்தில் ஓட முடியாமல் போனார்களாம். மண்டபம் குலுங்கியது. சம்பந்தியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. விமலாதேவி மேடை ஓரத்தில் கழுத்தில் அந்தத் துண்டோடு கைகட்டி இருந்தார். பெல்ட்டின் ஓரத்தில் நிற்கும் அதே முகம்.

1970-க்காகக் கிருஷ்ணசாமி முழங்கினார். எழுபத்தேழு வயதுக் கார்ல்டன் ரசிகர். "பாதி ஆட்டத்துல நாப்பத்துநாலு புள்ளி பின்னாடிங்க! வீட்டுக்குப் போகலாம்னு ஜனங்க செருப்பத் தேடுற நேரம். ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் பேர் உக்காந்திருந்த இடத்துல, திரும்பி வந்து பத்துப் புள்ளியில அடிச்சான் பாருங்க கார்ல்டன்! யாரை? கொலிங்வுட்டை!"

நடுவர் நெஞ்சில் கை வைத்துக் குத்துப்பட்டவர் போல் நடித்தார். கைதட்டல். "2005!" என்று பின்னாலிருந்து அலியார் கத்தினார். "உக்காருங்க பாய், அது தலைப்புல இல்ல," என்றார் நடுவர். "தலைப்பே பிழை!" என்றார் அலியார்.

பிறகு விமலாதேவி எழுந்தார். கூட்டம் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தது.

"எழுபதில ஒரு பகுதி அழுதது, ஒரு பகுதி சிரிச்சது. அப்பிடித்தான் எல்லா வருசமும். 2010-இல லட்சம் பேரும் ஒரே மாதிரி வாயடைச்சு நிண்டவை. அதுக்குப் பிறகு சட்டத்தையே மாத்திப்போட்டினம். இனிமேல் சமமா வந்தால் அண்டைக்கே கூடுதல் நேரம் ஆடி முடிக்க வேணும். அடுத்த கிழமை திரும்பி வாற கதை இனி இல்லை. அப்பிடியொரு ஆட்டம் இனி ஒருக்காலும் வராது. திரும்பி வராத ஆட்டம் பெரிசோ, திரும்பி வந்த கார்ல்டன் பெரிசோ?"

மண்டபத்தில் சிரிப்புக்குத் திறந்த வாய்கள் அப்படியே இருந்தன. கிருஷ்ணசாமியே தலையாட்டினார். சேஷாத்ரி கதிரையில் நிமிர்ந்தார்.

"நான் டிவியில பாத்தவள்," விமலாதேவியின் குரல் குழைந்தது. "நேர பாத்தவையின்ர வார்த்தைக்குத்தான் மதிப்பு. எங்கட நடுவர் ஐயா 91 கிராண்ட் ஃபைனலை நேர பாத்தவர். ஒரு கிராண்ட் ஃபைனல் எப்பிடி இருக்கும் எண்டு அவரே சொல்லட்டும். ஐயா, எங்க இருந்து பாத்தனீங்கள்?"

இப்படி ஒரு வாய்ப்பை யாரும் சேஷாத்ரிக்கு வெள்ளித் தட்டில் வைத்ததில்லை. மைக்கை நெருங்கினார். "எம்சிஜி. சதர்ன் ஸ்டாண்ட். மேல் அடுக்கு, நாலாவது வரிசை. இன்னும் கண்ணை மூடினா அந்தப் புல்லு வாசனை வருது."

"சதர்ன் ஸ்டாண்ட் நல்ல இருக்கையோ?"

"பிரமாதம்! கீழ பார்த்தா கிணறு மாதிரி மைதானம். ஆயிரக்கணக்குல கொடி."

"ஆட்டத்துக்கு முதல் ஏதும் விசேசம் நடந்ததே?"

"தேசிய கீதம் பாடினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"கார் ஒண்டும் வரேல்லையோ?"

"காரா?" சேஷாத்ரி கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "மைதானத்துக்குள்ள கார் எப்படிம்மா வரும்? பார்க்கிங் வெளியில!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. விமலாதேவி அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு துளி மிச்சம் இருந்தது. அதுவும் தீரட்டும் என்று நின்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு நாள்காட்டித் தாளை எடுத்தார்.

"அந்த வருசம் வௌவால் மாதிரி இறக்கை வச்ச கார் ஒண்டில ஒரு பாட்டுக்காரன் மைதானத்துக்குள்ள பாடிக்கொண்டு வந்தவன். இந்த நாட்டில இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கினம். நேர பாத்த எழுபத்தஞ்சாயிரம் பேரில ஒருத்தரும் மறக்கேல்லை, ஐயாவைத் தவிர. சரி, அது போகட்டும். 91-இல எம்சிஜி சதர்ன் ஸ்டாண்ட் இருந்த இடத்தில தோண்டின பள்ளம்தான் இருந்தது. இடிச்சுப்போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவை. ஆட்டம் நடந்தது வேவர்லி பார்க்கில. இந்தா, கால்மணி நேரத் தூரம். ஐயா மேல் அடுக்கில நாலாவது வரிசையில இருந்தவர் எண்டால், அந்தரத்திலதான் இருந்திருக்க வேணும்."

இருநூறு கைகள் இருநூறு தொலைபேசிகளுக்குப் போயின. தேடிப் பார்க்கிற சத்தமற்ற சத்தம். பிறகு பின்வரிசையிலிருந்து அலியாரின் குரல் வந்தது: "அல்லாவே, மெய்தான்!"

சேஷாத்ரி சிரிக்க முயன்றார். எதிர்பார்த்தபடியே நழுவினார். "ஒரு சின்ன ஞாபகப் பிசகு. முப்பத்துநாலு வருஷம் ஆச்சு இல்லையா? வேவர்லிதான். வேவர்லிலதான் பார்த்தேன்."

"கிரவீனில இருந்து வேவர்லி தெரியுமோ ஐயா?"

"எ... எங்கேர்ந்து?"

விமலாதேவி நாள்காட்டித் தாளை மடித்தார். முன்வரிசையைப் பார்த்தார். மண்டபமே முன்வரிசையைப் பார்த்தது. பத்மா மடியில் இருந்த கைப்பையை மூடினார். எழுந்து நிற்கக்கூட இல்லை.

"தொண்ணூத்திநாலுலதான் மெல்போர்ன் வந்தோம். அதுவரைக்கும் சிட்னி. சனிக்கிழமைன்னா இவர் துணி மடிச்சுக்கிட்டிருப்பார்," என்றார். பிறகு, நியாயமாக இருக்க வேண்டும் என்பதுபோல, "நல்லாவே மடிப்பார்," என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று அந்த மண்டபத்தில் எழுந்த சிரிப்பைக் கேசரிக் கதை பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கிருஷ்ணசாமி மேசையில் தலையை வைத்துவிட்டார். சம்பந்தி வாயைக் கையால் பிடித்துக்கொண்டார், பல்லுக்காக.

சேஷாத்ரியின் டை கோணிவிட்டது. தண்ணீர் குடித்தார். இனித் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். எழுபது என்றால் பழிக்குப் பழி என்பார்கள். பத்து என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். தடுமாறுகிற எந்தப் பட்டிமன்ற நடுவருக்கும் ஒரு பழைய பாதுகாப்பான வாசல் உண்டு. மாமியாரா மருமகளா, தோசையா இட்லியா, எல்லாத் தலைப்புக்கும் அவர் அதன் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். கால் பழக்கத்தில் தானாக அங்கே திரும்பியது.

"எழுபதும் சிறந்தது. இரண்டாயிரத்துப் பத்தும் சிறந்தது. ஆகவே இந்த மன்றத்தில்... இரு அணிகளுமே வெற்றி பெற்றன..."

கடைசிச் சொல் உதட்டை விட்டு இறங்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அதைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்ததுபோல வாய் ஒருமுறை திறந்து மூடியது. அதற்குள் மேசைக்கு அடியிலிருந்து அலுமினியத் தட்டு வெளியே வந்துவிட்டது. நெளிந்த மூலை. துணி. அன்னாசித் துண்டுகள்.

"ரெண்டு பகுதியும் வெண்டுட்டினம்," என்றார் விமலாதேவி மைக்கில், ஒவ்வொரு சொல்லாக. "இனிப்பு எடுங்கோ, எடுங்கோ."

முதல் கரண்டி நடுவருக்கு. அவர் வேண்டாம் என்று கை அசைத்தார். விமலாதேவி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேஷாத்ரி எடுத்தார். வாயில் போட்டார். மென்றார். தொண்டை ஏறி இறங்கும்வரை விமலாதேவி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "இனிப்புக் காணுமோ ஐயா, இன்னும் போடவோ?" என்று கேட்டார்.

பத்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, கிராண்ட் ஃபைனல். பிரிஸ்பன் ஜீலோங்கை வென்றது. விமலாதேவி அதைச் சரியாகப் பார்க்கவில்லை. சைரன் ஊதிப் பத்து நிமிடம் கழிய, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"விமலாதேவி கதைக்கிறன். ஒண்டுமில்லை. கேசரி மிச்சம் இருக்கு. கொண்டு வரவோ?"

எதிர்ப்பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். விமலாதேவி தட்டைக் கழுவித் துடைத்தார். அலுமாரியில் ஏற்றப் போனவர், என்ன நினைத்தாரோ, கீழேயே வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை மடக்கத் தொடங்கினார்.

"அண்டைக்கு அந்த வீட்டில சிரிச்சது பதினொரு பேர். சேஷாத்ரி முடிஞ்சுது. மிச்சம் பத்து. அலியார் ஒண்டு..."

யோகா சத்தமில்லாமல் எழுந்து, சப்பாத்தைத் தேடினார்.

"இஞ்சேருங்கோ," என்றார் விமலாதேவி, தலையை நிமிர்த்தாமல். "நீங்கள் அண்டைக்கு இருமினனீங்களோ, சிரிச்சனீங்களோ?"